பெரியும்மாவின் அடையாள அட்டை

றிஷானா வீட்டு அலுமாரியின் மேல்தட்டில் ஒரு நீலப் பை இருந்தது. வீட்டில் அதற்கு ‘ஓடுற பை’ என்று பெயர். சண்டைக் காலத்தில் இரண்டு தரம், கடல் எழும்பி வந்தபோது ஒரு தரம் என்று ஓடி ஓடிப் பழகிய குடும்பம் அது. சட்டிபானையை விட்டுவிட்டு ஓடலாம், ஆடுமாட்டை விட்டுவிட்டு ஓடலாம். கடுதாசிகளை விட்டுவிட்டு ஓடினால், திரும்பி வந்தபிறகு தான் யாரென்று நிரூபிக்கவே ஒரு வருடம் அலைய வேண்டும் என்பது அவர்கள் பட்டுத் தெரிந்துகொண்ட விஷயம். கிண்ணியாவில் அப்படி ஒரு பை இல்லாத வீட்டைத் தேடிக் கண்டுபிடிப்பது கஷ்டம்தான்.

உம்மா மௌத்தான பிறகு பை றிஷானாவின் பொறுப்புக்கு வந்தது. அவள் மூத்தவள். அந்தப் பக்கத்து வழக்கப்படி உம்மாவின் வீடு அவளுக்குச் சீதனமாகப் போய், அதே வளவின் பின்பக்கத்தில் தங்கச்சி ஜுமானாவுக்கு வேறொரு வீடு கட்டிக் கொடுத்திருந்தார்கள். இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரு கிணறு மட்டும்தான், வேலி கிடையாது. குசினி இரண்டு என்று பெயர். எந்தக் குசினியில் புகை கிளம்புகிறதோ அங்கேதான் எல்லோரும் சாப்பிடுவார்கள். அப்படிப்பட்ட வளவில் பை மட்டும் எப்படி இரண்டு இருக்கும்? மழைக்காலம் தொடங்கியதும் றிஷானா இரண்டு வீட்டாரின் அடையாள அட்டைகளையும் பிடுங்காத குறையாக வாங்கி, பொலித்தீனில் சுற்றி அதற்குள் போட்டுவிடுவாள்.

அந்தக் கார்த்திகை மாதக் கடைசியில் வந்த மழையை மழை என்று சொல்ல முடியாது. மூன்று நாள் வானம் கதவைச் சாத்தவே இல்லை. வயல் எது, வீதி எது, குளம் எது என்று தெரியாமல் எல்லாம் ஒரே நிறத்தில் கிடந்தது. ஜுமானாவுக்கு அப்போது ஒன்பது மாதம் நிறைந்திருந்தது. பிரஷர் கூடி இருந்தபடியால் பிரசவத்தைத் திருகோணமலை ரவுனில்தான் பார்க்க வேண்டும் என்று கிளினிக்கில் சொல்லி வைத்திருந்தார்கள். அவளுடைய புருசன் அர்ஷாக் கட்டாரில் இருந்தான். அங்கே வெயில் எரிக்கிறது என்று அவனும், இங்கே தண்ணீர் ஏறுகிறது என்று இவளும் போனில் மாறி மாறிச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். நான்காம் நாள் காலை பத்து மணிக்கு ஜுமானாவுக்கு நோவு கண்டது.

றிஷானாவின் புருசன் ஸுஹைர் உழவு இயந்திரம் ஓட்டுகிறவன். வயல் உழவும், மணல் ஏற்றவும் போகிற அந்த வண்டியின் பெட்டியில் மெத்தையை விரித்து, நான்கு மூலையிலும் கம்பு நட்டு, மேலே நெல்லுக் காயப்போடுகிற தார்ப்பாயைக் கட்டினான். றிஷானா தங்கச்சியை ஒரு கையிலும் நீலப் பையை மறு கையிலும் பிடித்துக்கொண்டு ஏறினாள். கிளினிக் அட்டை மட்டும் தலையணைக்கடியில் தங்கிவிட்டது. சில்லு பாதி முங்க முங்க ஸுஹைர் ஓட்டினான். வழியில் வீட்டு வாசலில் முழங்காலளவு தண்ணீரில் நின்றவர்களெல்லாம் துஆக் கேட்டு அனுப்பினார்கள். ஆண் பிள்ளை என்றால் வெள்ளத்தில் கப்பல் ஓட்டிய நூஹ் நபியின் பேரையே வைப்போம் என்று ஸுஹைர் முன்னாலிருந்து கத்தினான். ஜுமானா வலிக்குள்ளும் சிரித்தாள். பாலத்துக்கு அங்கால் வீதி தெரிந்தது. அங்கிருந்து ஓட்டோவில் ரவுன் ஆசுபத்திரிக்குப் போய்ச் சேர பிற்பகல் மூன்றரை ஆகிவிட்டது.

பதிகிற மேசையில் ஐ.சி. கேட்டார்கள். றிஷானா கண்ணை ஜுமானாவின் மேல் வைத்துக்கொண்டே பைக்குள் கையை விட்டு, முன் பொக்கட்டில் அகப்பட்ட அட்டையை எடுத்து நீட்டினாள். நனைந்து நடுங்கிய அக்காளும் தங்கச்சியும் முக்காட்டோடு நின்றால், அந்த அவசரத்தில் யார் முகத்தையும் படத்தையும் ஒப்பிட்டுப் பார்க்கப் போகிறார்கள்? துணைக்கு ஒரு பெண் உள்ளே நிற்கலாம் என்றார்கள். றிஷானா நின்றாள். தாதி ஒருத்தி ‘றிஷானா, றிஷானா’ என்று கூப்பிட்ட போதெல்லாம் அவள் ஓம், ஓம் என்றாள். மூச்சை இழுங்கள் என்றால் இழுத்தாள். ஆறுதலாய் விடுங்கள் என்றால் விட்டாள். என்ன நல்ல தாதி, துணைக்கு நிற்கிறவளின் மூச்சைக்கூடக் கவனிக்கிறாளே என்று மனசுக்குள் நன்றியும் சொல்லிக்கொண்டாள்.

பெண் பிள்ளை. ஏழாம் நாள் முடி இறக்கி ஷஹ்லா என்று பேர் வைத்தார்கள். பெண் பிள்ளை என்றால் அந்த ஊரில் வீடு கட்டிக் கொடுக்க வேண்டுமென்று அர்த்தம். வெள்ளம் வற்றமுன்னமே ஸுஹைர் கிணற்றுக்குக் கிழக்கே நின்று, இந்த இடத்தில் அத்திவாரம் போட்டால் காற்று நல்லாய் வரும் என்று அளந்துகொண்டிருந்தான். பிள்ளைக்கு வயது எட்டு நாள்.

பிள்ளை பெற்றவள் நாற்பது நாள் வீட்டை விட்டு வெளியில் இறங்கக்கூடாது என்பது அங்கே எழுதாத சட்டம். எழுதிய சட்டமோ பிறப்பை மூன்று மாதத்துக்குள் பதியச் சொன்னது. பிந்தினால் வேறு படிவம், சத்தியக் கடுதாசி, வேறு அலைச்சல். அதோடு பாஸ்போட்டுக்குப் பதிவு வேண்டும், பிள்ளையை ஒருக்கா இங்கே கொண்டுவந்து காட்டிவிட்டுப் போ என்று அர்ஷாக் கட்டாரிலிருந்து இருபதாம் நாளே தொடங்கிவிட்டான். றிஷானாவுக்கோ தலைக்கு மேல் வேலை. தையலைக் கையில் வைத்திருப்பவளுக்குப் பள்ளிக்கூடம் தொடங்கமுன் உள்ள வாரங்கள் அறுவடைக் காலம் மாதிரி. வீடு முழுக்க வெள்ளைத் துணி மலையாய்க் கிடந்தது. என்றாலும் இருபத்திநாலாம் நாள் மெசினை மூடிவிட்டு, ஆசுபத்திரிக் கடுதாசியையும் தங்கச்சியின் கலியாணப் பதிவையும் தன் அடையாள அட்டையையும் எடுத்துக்கொண்டு அவளே ரவுனுக்குப் பஸ் ஏறினாள்.

பதிவாளர் பாக்கியரத்தினம் ஒல்லியான மனிதர். வாசிக்க ஒரு கண்ணாடி, ஆளைப் பார்க்க ஒரு கண்ணாடி என்று இரண்டு வைத்திருந்தார். முதல் கண்ணாடியைப் போட்டு ஆசுபத்திரிக் கடுதாசியை வாசித்தார். அவளுடைய அடையாள அட்டையை அதற்குப் பக்கத்தில் வைத்து, இலக்கங்களை ஒவ்வொன்றாய் விரலால் தொட்டுப் பார்த்தார். பிறகு கண்ணாடியை மாற்றிக்கொண்டு அவளைப் பார்த்தார். அந்தப் பார்வையில் ஒரு கரிசனை வந்திருந்தது.

“பச்சை உடம்போட ஏன் பிள்ளை அலையிறீங்கள்? உங்கட ஆக்கள் நாற்பது கழியாமல் வெளிக்கிடமாட்டினமே” என்றார்.

றிஷானாவுக்கு விளங்கவில்லை. அவர் அதற்குள் எழும்பி, தன் பக்கத்தில் நின்ற மின்விசிறியை அவள் பக்கம் திருப்பி, கதிரையை இழுத்துப் போட்டு, உதவியாளரைக் கூப்பிட்டு இந்தத் தங்கச்சிக்குச் சுடுதண்ணி கொண்டுவரச் சொன்னார். பிள்ளை பெற்றவளுக்குப் பச்சைத்தண்ணி கூடாதாம். அவள் உட்கார்ந்தாள். பதினொரு வருடக் கலியாண வாழ்க்கையில் அவளை யாரும் அப்படி ஒரு காரணத்துக்காக உட்காரவைத்ததில்லை.

“ஆசுபத்திரிக் கடுதாசி சரி. உங்கட ஐ.சி. சரி. இந்தக் கலியாணப் பதிவுதான் பிழை. இது ஆரோ ஜுமானாவின்ர.”

“அது எங்கட தங்கச்சிட.”

“அதுதானே. அவசரத்தில மாறி எடுத்துக்கொண்டு வந்திட்டீங்கள். உங்கட பதிவை ஒருக்காக் கொண்டுவாங்கோ. அஞ்சு நிமிச வேலை.”

அவர் கடுதாசியை அவள் பக்கம் திருப்பி வைத்தார். தாயின் பேர் என்ற இடத்தில் முஹம்மது ஹனீபா றிஷானா என்று இருந்தது. வயது அவளுடையது, இலக்கம் அவளுடையது. நீலப் பையின் முன் பொக்கட் யாருடையது என்று அப்போதுதான் அவளுக்கு ஞாபகம் வந்தது. தாதி ஏன் தன்னை மூச்சு விடச் சொன்னாள் என்பதும் விளங்கியது. பிழையைச் சொல்ல வாயைத் திறந்தாள். சுடுதண்ணீர் வந்தது. அதைக் குடித்தாள். குடித்து முடித்ததும் போயிட்டு வாறன் சேர் என்று மட்டும் சொல்லிவிட்டு வெளியே வந்துவிட்டாள்.

பஸ்ஸில் யன்னல் ஓர இருக்கை கிடைத்தது. அவளுடைய சொந்தக் கலியாணப் பதிவு அதே பையில், அதே முன் பொக்கட்டில் இருக்கிறது. எடுத்துக்கொண்டு போனால் ஐந்து நிமிட வேலை. பிள்ளை எப்படியும் அதே வளவில்தான் வளரப் போகிறது, அதே கிணற்றில்தான் குளிக்கப் போகிறது. கடுதாசியில் யாருடைய பேர் இருந்தால் என்ன? அவள் அப்படித்தான் நினைத்தாள். நினைத்ததற்காக அவளைக் குறை சொல்ல வருகிறவர்கள், முதலில் பதினொரு வருடம் ஒவ்வொரு கலியாண வீட்டிலும் ‘இன்னும் ஒண்டுமில்லையா?’ என்ற கேள்விக்குப் பதில் சொல்லிவிட்டு வரட்டும்.

சீனன்குடாவில் ஒரு மனிசி ஏறிப் பக்கத்தில் உட்கார்ந்தாள். மீன் கூடையைக் காலுக்கடியில் வைத்துக்கொண்டு, றிஷானாவின் மடியிலிருந்த கடுதாசிகளைப் பார்த்து, பிள்ளைக்குப் பதிவா என்று கேட்டாள். றிஷானா ஓம் என்றாள். மகனா மகளா என்று கேட்டாள். மகள் என்றாள். எத்தனை நாள் என்றதற்கு இருபத்திநாலு என்றாள். பேர் என்ன என்றதற்கு அதையும் சொன்னாள். ஒன்றும் பொய்யில்லை. நெஞ்சுக்குள் ஒரு இனிப்பு ஊறிக்கொண்டு போனது. பஸ் பாலத்தில் ஏறியது. இரண்டு பக்கமும் தண்ணீர் வெயிலில் மின்னியது.

“பால் போதுமா புள்ளைக்கு?” என்று மனிசி கேட்டாள்.

றிஷானா தண்ணீரைப் பார்த்தாள். எதிரே ஒரு லொறி வந்து கடந்து போனது. மனிசி பதிலுக்காகக் காத்துக்கொண்டு அவளுடைய முகத்தையே பார்த்திருந்தாள்.

“அது எங்கட தங்கச்சிட புள்ள” என்றாள் றிஷானா.

மனிசி அதை ஒரு பெரிய விஷயமாய் எடுக்கவில்லை. அப்படியென்றால் தங்கச்சிக்குப் பால்சுறா வாங்கிக்கொண்டு போ, உள்ளி நிறையப் போட்டு வறை செய்து கொடு, மூன்றே நாளில் வித்தியாசம் தெரியும் என்றாள். றிஷானா சந்தையடியில் இறங்கி, நல்ல குட்டிச் சுறா இரண்டு தெரிந்து வாங்கிக்கொண்டுதான் வீட்டுக்குப் போனாள்.

சுறாவை அவித்து, உதிர்த்து, தேங்காய்ப்பூவும் உள்ளியும் மிளகும் போட்டு வறுத்து, புட்டோடு தங்கச்சியின் முன்னால் வைத்தாள். ஜுமானா இரண்டு வாய் சாப்பிட்ட பிறகு, பதிந்தாச்சா என்று கேட்டாள். றிஷானா ஆசுபத்திரிக் கடுதாசியைப் புட்டுக் கோப்பைக்குப் பக்கத்தில் வைத்து, பேர் இருந்த இடத்தில் விரலை வைத்தாள்.

ஜுமானா வாசித்தாள். திரும்ப வாசித்தாள். பிறகு தையல் போட்ட இடத்தை ஒரு கையால் அமத்திப் பிடித்துக்கொண்டு சிரிக்கத் தொடங்கினாள். கண்ணால் தண்ணீர் வரும் வரைக்கும் சிரித்தாள்.

“அப்ப நீங்க உம்மா, நான் ஆரு? சாச்சியா? இஞ்ச பாரு ஷஹ்லா, சாச்சிட்டயாடி பால் குடிச்சிக்கொண்டு கிடக்கிறாய்?”

றிஷானாவால் சிரிக்க முடியவில்லை. அவள் எல்லாவற்றையும் சொன்னாள். மின்விசிறியைத் திருப்பி வைத்ததையும் சுடுதண்ணீர் குடித்ததையும் சொன்னாள். வாயைத் திறந்து மூடிக்கொண்டு வந்ததைச் சொன்னாள். சீனன்குடாவிலிருந்து பாலம் வரைக்கும் தான் யாராக இருந்தாள் என்பதையும் சொன்னாள். சொல்லி முடித்தபோது குரல் உடைந்துவிட்டது. ஜுமானா புட்டுக் கையோடு நிமிர்ந்தாள்.

“கொஞ்ச நேரம் வெச்சிருந்திட்டுத் தந்தீங்கதானே ராத்தா. அதுக்கு ஏன் அழுறீங்க?” என்று சொல்லிவிட்டு, கோப்பையைத் தள்ளி இன்னும் கொஞ்சம் சுறா போடச் சொன்னாள்.

இதோடு கதை முடிந்திருக்கும். ஆனால் வாசல் நிலையில் அர்ஷாக்கின் உம்மா நின்றுகொண்டிருந்தா. அசனா மாமி கெட்டவ அல்ல. மருமகளுக்குத் தினமும் பேறுகால மருந்தான காயம் இடித்துக் கொண்டுவந்து கொடுக்கிற மனிசி. ஆனால் மனதில் வந்தது வாயில் வர இடையில் ஒரு மறிப்பும் கிடையாது. பேர் தானாகவா மாறும் என்று கேட்டா. அதை ஜுமானாவிடம் கேட்டிருந்தால் போகட்டும். அடுத்த நாள் அரிசி ஆலையில் கேட்டா, அதற்கடுத்த நாள் ஆள் மௌத்தான ஜனாசா வீடொன்றில் கேட்டா. மலடி என்ற சொல்லை மாமி சொல்லவில்லை. கேட்டவர்கள் சேர்த்துக்கொண்டார்கள்.

அது றிஷானாவின் காதுக்கு வந்த நாளிலிருந்து அவள் கிணற்றைத் தாண்டவில்லை. சாப்பாட்டை ஸுஹைரிடம் கொடுத்தனுப்பினாள். விடிந்தால் மெசின், பொழுதுபட்டால் மெசின். கட்டகட்டவென்று அந்தச் சத்தம் மட்டும் வளவு முழுக்கக் கேட்டுக்கொண்டிருந்தது. வெள்ளைச் சட்டை தைத்தாள், கழுத்துப்பட்டி தைத்தாள், பர்தாவுக்கு ஓரம் அடித்தாள். தைக்கத் தைக்க ஒரு கேள்வி மட்டும் அவளை விடவில்லை. பைக்குள் போன கை ஏன் நேரே அந்தப் பொக்கட்டுக்குப் போனது? கை தெரிந்துதான் போனதா? ஸுஹைரிடம் கேட்டாள். மழையில் அவன் ஓட்டிய இயந்திரம் இரண்டு தரம் சொந்த வயலுக்குத்தான் திரும்பப் பார்த்தது, பழக்கம் அப்படி, அதற்காக அதற்கும் கெட்ட எண்ணமா என்று அவன் கேட்டான். ஆறுதலாய்த்தான் இருந்தது. என்றாலும் அவள் போகவில்லை.

மூன்றாம் நாள், பட்டப்பகலில், முப்பதாவது நாள்கூட ஆகாத பச்சை உடம்போடு, ஜுமானா பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கிணற்றடியால் நடந்து வந்தாள். பின்னாலேயே அசனா மாமி, நாற்பது கழியாமல் வெளியே இறங்கிவிட்டாளே, காற்றுப்படுமே என்று கையைப் பிசைந்துகொண்டு வந்தா. ஜுமானா ஒன்றையும் காதில் வாங்கவில்லை. நேரே வந்து, வெட்டி வைத்திருந்த வெள்ளைத் துணியின் மேல் பிள்ளையைக் கிடத்தினாள். அது கையைக் காலை ஆட்டியது. பிறகு ஆறுதலாக, ஆறாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தியின் சட்டைத் துணி முழுக்க ஈரமாக்கியது.

“மூண்டு நாளா இவள ஒழுங்காக் குளிப்பாட்டல்ல. எனக்கு ஏலாது, கழுத்துப் புடிக்கப் பயமாக் கிடக்கு” என்றாள் ஜுமானா. பிறகு மாமியின் பக்கம் திரும்பி, குரலை உயர்த்தாமலே சொன்னாள்: “கடுதாசி பிழைச்சா திருத்தலாம் மாமி. ராத்தா வராட்டி நான் என்ன செய்யிற?”

றிஷானா மெசினிலிருந்து எழும்பி, ஊசியைக் கழற்றிப் பத்திரமாக வைத்துவிட்டு, பிள்ளையைத் தூக்கினாள். இளஞ்சூட்டுத் தண்ணீர் கொண்டு வா என்று மாமியைத்தான் ஜுமானா அனுப்பினாள். மாமியும் போனா.

அந்தக் கிழமையே ஊர் மிட்வைஃப் ஜெஸீமா ஸ்கூட்டியில் வந்து இறங்கினாள். பிழையைத் திருத்த ஆசுபத்திரிக்கு அவளுடைய கடிதம் வேண்டியிருந்தது. கிளினிக் அட்டை வெள்ளத்தில் கூழாகிப் போனாலும் அவளிடம் ஒரு பெரிய புத்தகம் இருந்தது. அவள் பார்க்கிற ஒவ்வொரு குடும்பத்துக்கும் அதில் ஒரு பக்கம். ஜுமானாவின் பக்கத்தில் மாதாமாதம் எடுத்த நிறை, பிரஷர், ஊசி போட்ட திகதி எல்லாம் இடமில்லாமல் நெருங்கிக் கிடந்தன. றிஷானாவின் பக்கத்தைத் திருப்பினாள். பேரும் கலியாணத் திகதியும் மட்டும் இருந்தன. அதற்குக் கீழே பதினொரு வருடமாய் வெள்ளையாகவே கிடந்தது.

“இவங்களுக்குப் புள்ள கிடைக்கல்ல எண்டதுக்கு இதவிட என்ன சாட்சி வேணும்? இதப் பாத்துத்தான் நான் எழுதப் போறன்” என்றாள் ஜெஸீமா.

எல்லோரும் அந்தப் பக்கத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அசனா மாமியும் பார்த்தா. எழுத்து வாசிக்கத் தெரியாவிட்டாலும் வெள்ளையை வாசிக்க மாமிக்குத் தெரிந்திருந்தது. முக்காட்டு நுனியால் மூக்கைத் துடைத்தா. சும்மா கிடந்த பக்கம் தங்கச்சியின் பிள்ளைக்காவது உதவியதே என்று றிஷானா பகிடியாகத்தான் சொன்னாள். மாமி அதற்கும் அழுதா. அழுது முடித்து, அரிசி ஆலைக்குத் தான் ஒருக்காப் போகவேண்டி இருக்கிறது என்று சொல்லிவிட்டு வெளிக்கிட்டா. நேற்றுத்தானே அரைத்தீங்க என்று ஜுமானா கேட்டதற்கு, அரைக்கப் போகவில்லை, ஒரு கதை சொல்லப் போகிறேன் என்றா. சொன்ன வேகத்தில்தான் திருப்பிச் சொல்லவும் மாமிக்குத் தெரியும்.

ஆசுபத்திரியில் பதிவேடுகள் வைத்திருக்கிற அறையில் கீர்த்தனி என்ற பிள்ளை இருந்தாள். மிட்வைஃபின் கடிதத்தை வாசித்துவிட்டு முதலில் வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு சிரித்தபடியே பழைய கட்டுகளை இறக்கி, பிரசவ அறைத் தாதியையும் கூப்பிட்டாள். தாதிக்கு ஞாபகம் இருந்தது. படுத்திருந்தவ ஒண்டுக்கும் பதில் சொல்லேல்லை, நிண்டவதான் எல்லாத்துக்கும் ஓமெண்டவ, எனக்கு அண்டைக்கே ஒரு மாதிரித்தான் இருந்தது என்றாள் அவள். டொக்டரின் கையெழுத்து, முத்திரை, மேலிடத்து அனுமதி என்று கடுதாசி மேசை மேசையாய் ஏறி இறங்கி வர இரண்டு கிழமை பிடித்தது. அதற்குள் ஜுமானாவின் நாற்பதும் கழிந்து, தலை முழுகி, வீட்டில் மௌலூத் ஓதி, நெய்ச்சோறும் கொடுத்தாயிற்று. பள்ளிக்கூடச் சட்டைகளும் போக வேண்டிய வீடுகளுக்குப் போய்விட்டன.

எல்லோருமாய்த்தான் பதியப் போனார்கள். ஸுஹைர் கழுவித் தேய்த்த சேர்ட் போட்டிருந்தான். அசனா மாமி கலியாணத்துக்குக் கட்டுகிற சாரியில் வந்தா. பதிவாளர் பாக்கியரத்தினம் திருத்திய கடுதாசியை வாசித்தார். கண்ணாடியை மாற்றிக்கொண்டு றிஷானாவைப் பார்த்தார். பிறகு பிள்ளையோடு நின்ற ஜுமானாவைப் பார்த்தார். திரும்ப றிஷானாவைப் பார்த்தார்.

“அப்ப அண்டைக்கு நான் உங்களுக்குச் சுடுதண்ணி தந்தனான்” என்றார்.

“ஓம் சேர். மன்னிச்சுக்கொள்ளுங்க. அண்டைக்கே சொல்லியிருக்கோணும்.”

“சுடுதண்ணி ஆருக்கும் நல்லதுதானே” என்று சொல்லிக்கொண்டு அவர் பெரிய புத்தகத்தைத் திறந்தார்.

இந்தத் தரம் கலியாணப் பதிவும் சரி, கடுதாசியும் சரி, அட்டையும் சரி. பிறந்த திகதி, இடம், பிள்ளையின் பேர், தகப்பனின் பேர், தாயின் பேர் என்று அவர் எழுதிக்கொண்டே வந்தார். பாட்டனின் பேரும் கேட்டு எழுதினார். அசனா மாமி மேசைக்குக் கிட்ட நகர்ந்து தன்னுடைய பேர் எந்தக் கட்டத்தில் வரும் என்று கேட்டா. அப்படி ஒரு கட்டம் இல்லை என்று அறிந்ததும், மண்ணுக்குள் கிடக்கிறவருக்குக் கட்டம் உண்டு, தினமும் காயம் இடிக்கிறவளுக்கு இல்லையா, இது என்ன அரசாங்கம் என்று கேட்டா. மௌத்தாகிப் பத்து வருடமான தன் புருசனைத்தான் மாமி சொன்னா. பதிவாளருக்கே சிரிப்பு வந்துவிட்டது.

சிரித்து முடித்து, பேனையை அடுத்த கட்டத்துக்குக் கொண்டுபோய் நிறுத்தினார். இந்தப் பிறப்பைப் பற்றித் தகவல் சொல்லுகிறவர் யார், அவருடைய பேரும் இங்கே ஏறும், அவர்தான் கையெழுத்து வைக்க வேண்டும் என்றார். வழக்கமாகத் தாயோ தகப்பனோ சொல்வார்கள் என்று ஜுமானாவைப் பார்த்தார்.

“வேற ஆரும் சொல்ல ஏலாதா சேர்?” என்று கேட்டாள் ஜுமானா.

“ஏலும். பிறக்கேக்க பக்கத்தில நிண்ட ஆளெண்டால் ஏலும்.”

“அப்ப ராத்தா சொல்லட்டும். நான் கண்ண மூடிக்கொண்டு கத்தினனான், எனக்கு ஒண்டும் தெரியாது. புள்ளயக் கண்டவ அவதான்.”

றிஷானா தங்கச்சியைத் திரும்பிப் பார்த்தாள். ஜுமானா பிள்ளையின் தொப்பியைச் சரிசெய்வதில் மும்முரமாய் இருந்தாள். ஸுஹைர் யன்னல் பக்கம் போனான். பதிவாளர், ஏறினால் ஏறினதுதான், இந்தப் புத்தகத்தில் அழிக்கிற வேலை இல்லை, சரிதானே என்று கேட்டார். ஜுமானா சரி என்றாள். அசனா மாமியும், அவவிடம் யாரும் கேட்காமலே, சரி என்றா.

“எத்தனை மணிக்குப் பிறந்தது?” என்றார் பதிவாளர்.

நாலு பத்து என்று சொன்னால் போதும். றிஷானா அதைச் சொன்னாள். அத்தோடு நிறுத்த அவளால் முடியவில்லை. வெளியில் அப்போது மழை கொஞ்சம் விட்டிருந்தது என்றாள். முதலில் தலைமயிர்தான் தெரிந்தது, கறுத்து நனைந்து கிடந்தது என்றாள். வந்ததும் அழவில்லை, தாதி முதுகில் தட்டும் வரைக்கும் தன்னுடைய உசிர் தன்னிடம் இல்லை, பிறகு அழுதது, அழுதுகொண்டே ஒரு கண்ணைத் திறந்து பார்த்தது, அந்தக் கண்ணுக்கு நேரே நின்றது தான்தான் என்றாள். இதை அவள் அதுவரைக்கும் ஒருவரிடமும் சொல்லியிருக்கவில்லை. சொல்லச் சொல்ல அவளுடைய முகம் முழுக்கச் சிரிப்பாகிவிட்டது. பதிவாளர் நாலு பத்து என்று எப்போதோ எழுதி முடித்துவிட்டு, பேனையை வைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார்.

அவள் முடித்ததும் அவர் கட்டத்தை நிரப்பினார். எழுதியதைச் சட்டப்படி வாசித்துக் காட்ட வேண்டுமென்று சொல்லி, கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு சத்தமாய் வாசித்தார்.

“தகவல் தந்தவர், முஹம்மது ஹனீபா றிஷானா. பிறப்பின்போது உடனிருந்தவர்.”

பிறகு புத்தகத்தை அவள் பக்கம் திருப்பிப் பேனையை நீட்டினார். றிஷானா பர்தா நுனியால் கையைத் துடைத்துக்கொண்டு, ஒரு எழுத்தும் குறையாமல் தன் முழுப்பேரையும் எழுதினாள்.